ஊற்றுக்கு ஒதுக்கீடு இல்லை: சேர்வராயன் மலையின் குடிநீர்க் கணக்கு

சேர்வராயன் மலையின் பரப்பு சுமார் 380 சதுர கிலோமீட்டர். மலை மேலுள்ள ஏற்காட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. மலை முழுவதும் அதே அளவு பெய்யாது, சரிவுகளில் குறையும் என்பதால் பாதியாகவே கணக்கிடுவோம். அப்படியும் ஓராண்டில் மலை மேல் விழும் தண்ணீர் பத்து டி.எம்.சி. ஆகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். மலையில் வாழ்பவர்கள் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அந்த அளவில் எல்லோருக்கும் ஆண்டு முழுவதும் கொடுத்தாலும், பெய்த மழையில் முந்நூறில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

ஆனாலும் மாசி முடிந்து பங்குனி பிறந்தால் மலைக் கிராமங்களின் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போகின்றன. மேல்நிலைத் தொட்டி இருக்கும், குழாய் இருக்கும், மோட்டாரும் இருக்கும். ஏற்றத்தான் தண்ணீர் இருக்காது. கோடை விழாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரளும் மே மாதமும் இந்தத் தட்டுப்பாடும் ஒன்றாகவே வருகின்றன. விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துக்கொள்கின்றன. ஓடையோரத்துக் கிராமத்துப் பெண்கள் குடத்தோடு கீழே இறங்கி மேலே ஏறுகிறார்கள்.

இதற்குக் காரணம் மழைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சேர்வராயன் மலையின் அடிப்படைப் பாறை சார்னோகைட். தண்ணீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளாத கடினப் பாறை அது. மழைநீர் தங்குவது அதன் மேல் படிந்த சிதைந்த மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும், உயரமான முகடுகளைத் தொப்பிபோல் மூடியிருக்கும் செம்புரை, பாக்சைட் படிவுகளிலும்தான். நுண்துளைகள் நிறைந்த அந்த மேல் அடுக்கு மழையைக் குடித்துவைத்து, மழை ஓய்ந்த பின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவோரங்களில் கசியவிடும். மலைக்காரர்கள் ஊத்து என்பது அந்தக் கசிவைத்தான். அதை நம்பித்தான் ஊர்கள் அமைந்தன. மலையில் பெரிய அணை கட்ட இடமில்லை, அதற்கான தேவையும் இல்லை. மண்ணே அங்கே நீர்த்தேக்கம். அரசின் சொத்துப் பதிவேட்டில் மேல்நிலைத் தொட்டிக்கு எண் உண்டு, மோட்டாருக்கு எண் உண்டு. தேய்மானமும் பராமரிப்பும் அவற்றுக்குத்தான் கணக்கிடப்படும். இந்த நீர்த்தேக்கத்துக்கு எண் கிடையாது. எனவே அதைப் பராமரிக்கப் பணமும் கிடையாது.

இந்தக் குறையைத்தான் இக்கட்டுரை பேச விரும்புகிறது. குடிநீர்த் திட்டங்களுக்கு நிதி எப்படி வருகிறது என்பதும், அவற்றின் சூழல் பாதிப்பு எப்படிக் கையாளப்படுகிறது என்பதும் நம் அலுவலகங்களில் தனித்தனிக் கோப்புகள். முதலாவது நிதிப் பிரிவின் மேசையில் இருக்கும், இரண்டாவது திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். மலையில் இந்த இரண்டும் ஒரே கணக்குதான் என்பது என் முடிவு.

தண்ணீர் போதவில்லையென்றால் கீழிருந்து ஏற்றலாமே என்ற யோசனை எழுவது இயல்பு. மேட்டூர் அருகில்தான் இருக்கிறது, சேலம் மாநகரம் காவிரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. குழாயை மலைக்கும் நீட்டினால் ஆயிற்று என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டுக்கும் அதற்கும் உள்ள உயர வேறுபாட்டைக் குறைத்துப் பிடித்தாலும் 1,100 மீட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க இயற்பியல் விதிப்படி மூன்று யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பு, மோட்டார், குழாய் உராய்வு எல்லாம் விழுங்குவதைச் சேர்த்தால் நான்கரை யூனிட் ஆகிவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நவீன ஆலைகள் ஆயிரம் லிட்டருக்குச் செலவிடுவது மூன்று முதல் நான்கு யூனிட். அதாவது மழை கொட்டும் மலைக்குச் சமவெளித் தண்ணீரை ஏற்றுவது, சென்னையை அடுத்த நெம்மேலியில் கடலைக் குடிநீராக்குவதைவிட அதிக மின்சாரத்தைக் கேட்கிறது.

யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டருக்கு 36 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் மாதத்துக்கு 6,600 லிட்டர் எடுக்கும். அதற்கு மின்சாரம் மட்டுமே ஏறத்தாழ 240 ரூபாய். கிராம ஊராட்சிகள் வீட்டு இணைப்புக்கு மாதாமாதம் வாங்கும் தொகையைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். மலை முழுவதற்கும் கணக்கிட்டால் ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் வெறும் மின்கட்டணம். வழியில் கசிவது, பயணிகள் குடிப்பது, பணியாளர் சம்பளம், பழுதுபார்ப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. கட்டுமானத்துக்கு மானியம் கிடைத்துவிடும். கல்வெட்டுத் திறந்த மறுநாளிலிருந்து தொடங்கும் இந்தச் செலவுக்கு மானியம் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல தடுமாறுவது கட்டும்போது அல்ல, ஓட்டும்போது.

தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதில் மின்கட்டணத்தைவிடப் பெரிய இன்னொரு விலை உண்டு. அதற்குச் சேலமே சாட்சி. ஜருகுமலையும் போதமலையும் தரும் நீரைத் தேக்கும் பனமரத்துப்பட்டி ஏரி 1911இல் சேலத்தின் குடிநீருக்காக அமைக்கப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. அங்கிருந்து நகருக்குத் தண்ணீர் தானாகவே வழிந்து வந்தது. மேட்டூர் அணை 1934இல் நிறைவடைந்தது. பின்னர் அங்கிருந்து சேலத்துக்குக் குழாய்கள் வந்தன. காவிரி வந்த பின் பனமரத்துப்பட்டியை யாரும் கவனிக்கவில்லை. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன, ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்தது. அதை மீட்கத் திட்டமிடுவதும் அது தள்ளிப்போவதும் நெடுநாளாகத் தொடர்கின்றன.

ஒரு குடிநீர்த் திட்டத்தின் சூழல் பாதிப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது குழி தோண்டுவது, மரம் வெட்டுவது, தூசி, இரைச்சல். அறிக்கைகளும் அவற்றைத்தான் பட்டியலிடுகின்றன. பனமரத்துப்பட்டிக்கு நேர்ந்ததோ எந்தப் பட்டியலிலும் இல்லாத பாதிப்பு. தூரத்துத் தண்ணீர் குழாயில் வந்ததும் பக்கத்துத் தண்ணீர் கைவிடப்படுகிறது. ஏரியைக் காக்கும் காரணம் ஊருக்கு இல்லாமல் போகிறது. தமிழ்நாட்டில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன வழியெல்லாம் ஊருணிகளும் பொதுக் கிணறுகளும் குப்பைக் குழிகளாக மாறியதை நாம் பார்த்திருக்கிறோம். மலையில் இது நடந்தால் விளைவு இன்னும் மோசமாக இருக்கும். ஊற்று கைவிடப்பட்டால் அதன் மேலுள்ள சரிவைக் காப்பதற்கான கடைசிக் காரணமும் போய்விடும்.

சேர்வராயன் மலை மூன்று ஆறுகளுக்குத் தாய். தெற்கே இறங்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மேற்கே இறங்கும் ஓடைகள் சரபங்காவாகி ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. வடக்கே வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கி, பின் தென்பெண்ணையோடு கலக்கிறது. மலை முகட்டிலுள்ள குகைக் கோயிலில் சேர்வராயனோடு காவேரி அம்மனும் குடியிருப்பதாக மலையாளிப் பழங்குடிகள் வழிபடுகிறார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவை அவர்கள் அறிந்த அளவுக்கு நம் வரவு செலவுத் திட்டங்கள் அறிந்திருக்கவில்லை. 565 கோடி ரூபாய் மதிப்பில் மேட்டூர் உபரிநீர்த் திட்டத்துக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அணை நிரம்பி வழியும்போது சரபங்கா வடிநிலத்தின் நூறு ஏரிகளுக்கு நீரேற்றுவது நோக்கம். வறண்ட ஏரிகளுக்குத் தண்ணீர் வருவதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சரபங்கா பிறக்கும் இடம் மலை. திட்டமோ சமவெளி ஏரிகளோடு நின்றுவிடுகிறது. ஆற்றின் வாலுக்கு மின்சாரம் வைத்து நீரூட்ட நூற்றுக்கணக்கான கோடிகள் கிடைக்கும்போது, அதன் தலையைப் பேணச் சில கோடிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

நிதிக்கு வருவோம். குடிநீருக்குக் கடன் திரட்டுவதில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி என்று சொன்னால் மிகையில்லை. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானது. 1988இல் உலக வங்கியின் துணையோடு நகராட்சிகளுக்கான நகர்ப்புற வளர்ச்சி நிதியம் வந்தது. 1996இல் அது தனியார் நிதி நிறுவனங்களும் பங்கேற்ற தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மறு உருவம் பெற்றது. ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்வைப்புத் தொகையை மக்களிடமே திரட்டியது இந்தக் காலத்தில்தான். 2002இல் பதின்மூன்று சிறிய உள்ளாட்சிகளை ஒன்றுசேர்த்து 30.41 கோடி ரூபாய்க்குப் பதினைந்தாண்டுக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் நம்பாத உள்ளாட்சிகள் கூட்டாகப் போய்ச் சந்தையில் பணம் திரட்டின. குடிநீர்க் கட்டணமும் வரியும் தனிக் கணக்கில் வைக்கப்பட்டன. மாநில அரசின் பகிர்வுத் தொகை ஈடாக நின்றது. அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. மிக நேர்த்தியான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் முதலீட்டாளர் கேட்ட கேள்விகளைக் கவனிக்க வேண்டும். கட்டணம் வசூலாகுமா? வசூலாகாவிட்டால் யார் கட்டுவார்? சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பதினைந்து ஆண்டுக்கு அது அங்கேயே இருக்குமா என்பது நிதிக் கேள்வியாகக் கருதப்படவில்லை. அது பொறியாளரின் கேள்வி என்று ஒதுக்கப்பட்டது. இந்த ஒதுக்கலுக்கு என்ன விலை என்பதைத் திருப்பூர் காட்டியது.

திருப்பூரின் கதை சேர்வராயன் மலையிலிருந்து ஒருநாள் பயணத்தொலைவில் நடந்தது. குடிநீர் நிதி பற்றிப் பேசும் எவரும் அதை மறக்கக் கூடாது. பனியன் தொழிலுக்கும் நகருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர 1995இல் ஒரு தனி நிறுவனம் உருவாக்கப்பட்டது. திட்டச் செலவு 1,023 கோடி ரூபாய். அரசு, தொழில்துறை, நிதி நிறுவனங்கள் கூட்டாகப் போட்ட முதலும் கடனும் அதில் இருந்தன. சாயப்பட்டறைகள் பல மடங்கு அதிக விலைக்குத் தண்ணீர் வாங்கும், அந்த வருமானம் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவாகத் தண்ணீர் கொடுக்க உதவும் என்பது நிதித் திட்டத்தின் அச்சாணி. 2000களின் நடுவில் தண்ணீரும் வந்தது. வந்த தண்ணீர் சாயம் கலந்து நொய்யல் ஆற்றில் இறங்கியது. ஏற்கெனவே அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, அதன் கீழுள்ள விவசாயிகள் நீதிமன்றப் படியேறியிருந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தண்ணீரை அதிக விலைக்கு வாங்க வேண்டியவர்களே இல்லாமல் போனார்கள். கடன் கணக்கு ஆட்டம் கண்டது. திட்ட அறிக்கையில் கழிவுநீர் ஒரு சூழல் விஷயமாகத்தான் இருந்தது. கடைசியில் அதுவே நிதி விஷயமாகித் தலைமேல் இறங்கியது. ஆற்றைக் கெடுத்த செலவு கடன் கொடுத்தவர் வாசலுக்கே வந்து நின்றது.

ஏற்காட்டில் சாயப்பட்டறை இல்லை. ஆனால் அதே கண்ணி சிறிய அளவில் இருக்கிறது. ஊர் நடுவிலுள்ள ஏரிதான் சுற்றுலாவின் முகம். அதற்குள் கட்டடங்களின் கழிவுநீர் கலக்கிறது என்பது நெடுநாளைய புகார். ஏரி வழிந்தால் கிளியூர் அருவி, அருவியிலிருந்து திருமணிமுத்தாறு. மலையில் குடிநீர் வழங்கலை உயர்த்தினால் அதே அளவுக்குக் கழிவுநீரும் உயரும். வீட்டுக்குக் கொடுக்கும் தண்ணீரில் எண்பது விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. குழாய்க்குப் பணம் ஒதுக்கிவிட்டுக் கழிவுநீரை அடுத்த திட்டத்துக்குத் தள்ளினால், கீழேயுள்ள ஊற்றுகள் முதலில் கெடும். சரிவில் மேல் வீட்டுக் கழிவுநீர்க் குழியும் கீழ் வீட்டுக் கிணறும் ஒரே மண்ணடுக்கைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. காப்பிப் பழத்தை ஊறவைத்துத் தோலுரித்த தண்ணீரும் அறுவடை மாதங்களில் அந்த ஓடைகளில்தான் சேர்கிறது. ஆக்சிஜனை உறிஞ்சும் கடுமையான கழிவு அது. மார்ச், ஏப்ரலில் பூமழை தவறினால் காப்பித் தோட்டங்கள் தெளிப்பான் போட்டுச் செடிக்குத் தண்ணீர் விடுவதும், ஊற்றுகள் மிகவும் மெலிந்திருக்கும் அதே வாரங்களில்தான். தோட்டங்களைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. நிழல் மரங்களோடு கூடிய காப்பித் தோட்டம் வெட்டவெளியைவிட மண்ணுக்கு நல்லது. அதை வெட்டி மனை போடுவதுதான் ஊற்றுக்குப் பெரிய கேடு.

இன்னொரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். மேட்டூர் அலுமினிய ஆலையான மால்கோவுக்குப் பல பத்தாண்டுகள் சேர்வராயன் முகடுகளிலிருந்து பாக்சைட் போனது. முன்பு சொன்ன, மழையைக் குடித்துவைக்கும் மேல் அடுக்குதான் அந்தப் பாக்சைட். சுரங்கம் வெட்டிய இடத்தில் வெறும் குழி மட்டும் மிஞ்சுவதில்லை, ஊற்றின் தொட்டியில் ஒரு பகுதியே லாரியில் போய்விடுகிறது. 2008இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியம் சட்டத்தில் இடம்பெற்றது 2015இல். அந்த நிதியில் பெரும்பகுதியைக் குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம் போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. மலையை வெட்டிய காலத்தில் நிதியம் இல்லை, நிதியம் வந்த காலத்தில் வெட்டு நின்றுவிட்டது. சேலம் மாவட்டத்தில் இன்றும் வெள்ளைக்கல் உள்ளிட்ட கனிமங்கள் எடுக்கப்படுகின்றன, நிதியத்துக்குப் பணம் வருகிறது. பழைய சுரங்க முகடுகளைச் சீரமைக்க அதிலிருந்து ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்பேன். சட்டத்தின் சொல்லுக்குள் இதைக் கொண்டுவர முடியுமா என்பதை மாவட்ட நிர்வாகம் ஆராயலாம். சட்டத்தின் நோக்கத்துக்கு இது முழுக்கப் பொருந்துகிறது.

மலைக்கு நேரடியாக வரக்கூடிய பணம் எது? ஊரகப் பகுதியாக இருக்கும் வரை ஜல் ஜீவன். தமிழ்நாட்டில் அதன் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. ஊருக்குள் அமையும் கட்டுமானத்தில் பத்து விழுக்காட்டை மக்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கு அது ஐந்து விழுக்காடு. மலையாளிப் பழங்குடிகள் பெரும்பான்மையாக வாழும் ஏற்காட்டுக் கிராமங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தும். பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் அறுபது விழுக்காடு குறிப்பிட்ட செலவுகளுக்கென்றே கட்டுண்ட நிதியாக இருந்தது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும், மறுபாதி சுகாதாரத்துக்கும். ஊரக வேலைத் திட்டத்தில் வரப்பும் அகழியும் தடுப்பணையும் அமைக்கலாம். சரிவைக் காப்பதற்கு இன்றுள்ள மிகப் பயனுள்ள நிதி இதுதான் என்பது என் கருத்து. சிக்கிம் மாநிலம் 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில் வேலை உறுதித் திட்டப் பணத்தை வைத்துத்தான் ஊற்றுகளின் மேற்சரிவில் அகழி வெட்டி, வற்றியவற்றை மீட்டார்கள்.

2025 பிறந்தபோது அரசு வெளியிட்ட புதிய பேரூராட்சிகளின் பட்டியலில் ஏற்காடும் இருந்தது. இதை வெறும் பெயர் மாற்றமாகப் பார்க்கக் கூடாது. பேரூராட்சியானால் ஊரக வேலைத் திட்டம் அந்த எல்லைக்குள் வராது. ஜல் ஜீவனுக்குப் பதில் அம்ருத் போன்ற நகர்ப்புறத் திட்டங்களை நாட வேண்டும். கடன் வாங்கும் வாசல் திறக்கும். சொத்து வரியும் தொழில் வரியும் கூடும். கழிவுநீர்த் திட்டத்துக்கு வழி பிறக்கும். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் சரிவில் மண்வெட்டி பிடிக்கும் கைகளுக்குக் கூலி கொடுத்த நிதி போய்விடும். ஊற்றுப் பாதுகாப்புக்கு நகர்ப்புறத் திட்டத்தில் அதற்கு இணையான தலைப்பு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்காமல் ஏற்காடு நகரமாவது ஆபத்து. எல்லை எதுவரை என்று முடிவாகும் முன்பே இதைப் பேச வேண்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இந்த விஷயத்தில் பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களுக்கு 1974-75 முதல் தனி மேம்பாட்டுத் திட்டம் என்று மத்திய நிதி வந்தபோது சேர்வராயன், கொல்லி, கல்வராயன், ஜவ்வாது மலைகள் அந்த வரைபடத்துக்கு வெளியே இருந்தன. கட்டுப்பாடு மட்டும் வந்தது: 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி ஏற்காட்டிலும் தேவை. மலையைக் காப்பாற்று என்று ஆணையிட்ட அரசு அதற்கான செலவை மேற்கே கொடுத்த அளவுக்குக் கிழக்கே கொடுக்கவில்லை.

சூழல் பாதிப்பைக் கையாளும் சட்டங்களின் நிலை இன்னும் வியப்பானது. 2006ஆம் ஆண்டின் சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையில் பாசனத் திட்டமும் நீர்மின் திட்டமும் பட்டியலில் உள்ளன, குடிநீர்த் திட்டம் இல்லை. எனவே நூறு கிலோமீட்டர் குழாய் பதித்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமில்லை. உலக வங்கியோ ஜப்பானின் ஜைக்காவோ கடன் கொடுத்தால்தான் சூழல் மதிப்பீடு வருகிறது. ஃப்ளோரைடு பாதித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டம் ஜப்பானியக் கடனில் அமைந்து 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அப்படிப்பட்ட திட்டங்களில் கடன்காரரின் விதிதான் சூழல் காவலர். உள்நாட்டு மானியத்தில் நடக்கும் சிறு திட்டங்களுக்கு அந்தக் காவலரும் இல்லை. மலையில் சிறு திட்டங்கள்தான் நடக்கும்.

காடு குறுக்கிட்டால் மட்டும் வனச் சட்டம் வரும். அதிலும் 2006 வன உரிமைச் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறது. குடிநீர்க் குழாய், தொட்டி போன்ற ஊர் வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் பழங்குடிப் பகுதிகளுக்கான பெசா சட்டம் இங்கே செல்லாது. மலையாளி ஊர்களின் கிராம சபைக்குத் தண்ணீர் விஷயத்தில் சட்டபூர்வமான பிடி கிடைக்கும் மிகச் சில இடங்களில் இந்தப் பரிந்துரையும் ஒன்று. அதைச் சடங்காகக் கையெழுத்து வாங்கும் வேலையாக்கிவிடக் கூடாது. இந்த ஊற்றிலிருந்து எவ்வளவு எடுப்பீர்கள், ஓடைக்கு எவ்வளவு விடுவீர்கள் என்று சபை கேட்டு, பதிலைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும்.

குழாய்க்கும் மலை ஆபத்துதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் போது ஏற்காட்டில் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டிக் குழி தோண்டிச் சரியாக இறுக்காமல் மூடினால் மழைநீர் அந்தக் குழியையே கால்வாயாக்கிக்கொள்ளும். சரிவு குழாயை உடைக்கும், குழாய்க் கசிவு சரிவை இளக்கும். சமவெளிக்குத் தயாரித்த மதிப்பீட்டு அட்டவணையை அப்படியே மலைக்குப் பயன்படுத்துவதால் வரும் சேதம் இது.

அப்படியானால் ஊற்றுக்கு யார் பணம் கட்டுவது? இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூர் நகராட்சி 2010இல் ஓர் எளிய ஒப்பந்தம் போட்டது. நகருக்குத் தண்ணீர் தரும் போஹல் ஊற்றின் மேற்சரிவுக் காட்டைக் காக்கும் கிராமக் குழுவுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் கிராமத்தின் உழைப்பு நகராட்சிக் கணக்கில் செலவுத் தலைப்பாக ஏறியது. நியூயார்க் நகரம் 1997இல் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு உடன்படிக்கை செய்து, பல நூறு கோடி டாலர் வடிகட்டும் ஆலையைக் கட்டுவதற்குப் பதில் நீர்ப்பிடிப்பைக் காக்கப் பணம் போட்டது. கிழக்குத் தொடர்ச்சியிலேயே, விசாகப்பட்டினம் மாவட்டப் பழங்குடி ஊர்களில் ஊற்றுநீரை மின்சாரமே இல்லாமல் இறக்கிக் குழாயில் கொடுத்த முயற்சிகள் பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றன.

இவற்றைச் சேலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. பாலம்பூர் குடிப்பது போஹல் ஊற்றை. சேலம் குடிப்பது மேட்டூரை. மலை வாடினாலும் சேலத்துக் குழாய் நாளைக்கே வற்றாது, பிறகு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று மாமன்றத்தில் ஒருவர் கேட்டால் அது நேர்மையான கேள்வி. என் பதில் இது. சேலத்தின் நிலத்தடி நீரும் ஏரிகளும் மலையின் ஓடைகளைச் சார்ந்தவை. கன்னங்குறிச்சியின் புது ஏரியும் மூக்கனேரியும் சேர்வராயன் மலைநீரால் நிறைபவை. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு மூக்கனேரியைத் தூர்வாரி, நடுவே சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டபோது நகரத்து மக்கள் தங்கள் பணத்தையும் உழைப்பையும் கொடுத்தார்கள். மலைநீருக்காகச் செலவிட மக்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. மேலும், மலைச் சரிவு மொட்டையானால் பெருமழை நாளில் வெள்ளமாக இறங்குவதும் சேலத்தின் மேல்தான்.

ஆனாலும் முதல் தொகை மலையைத் தேடி வருபவர்களிடமிருந்தே வர வேண்டும் என்று நினைக்கிறேன். விடுதி அறை ஒன்றுக்கு ஓரிரவுக்கு இருபது ரூபாய் தண்ணீர்க் கட்டணம் யாரையும் திருப்பி அனுப்பாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற ஆணையால் இ-பாஸ் வந்தபோதும் மக்கள் போகாமல் இல்லை. அந்தக் கட்டணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், கடன் பத்திரத்துக்குத் தனிக் கணக்கு வைத்தது போலவே ஊற்றுக்கும் தனிக் கணக்கு வைத்து அதில் சேர வேண்டும். செலவிடும் முடிவில் மலைக் கிராமங்களுக்குப் பாதிக்குக் குறையாத இடம் வேண்டும். ஒன்பது ஊராட்சிகள் கொண்ட ஏற்காடு ஒன்றியத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே அலைவதைவிட, பதின்மூன்று உள்ளாட்சிகள் கூடிப் பத்திரம் வெளியிட்டது போல, ஒரே ஊற்றுநிதியாகக் கூடலாம். புதிய பேரூராட்சியும் அதில் உறுப்பாக வேண்டும். நகரம் தன் வருமானத்தோடு பிரிந்துபோகக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலைக்குச் செலவு மிகக் குறைவு. எந்தப் புதிய திட்ட அறிக்கைக்கும் கையெழுத்து விழும் முன், மலையின் ஊற்றுகளைப் பட்டியலிட்டு, பங்குனி சித்திரையில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று இரண்டு கோடைகளாவது அளக்க வேண்டும். ஒரு வாளியும் கடிகாரமும் படித்த ஒரு மலை இளைஞரும் போதும். குடிநீர் வடிகால் வாரியத்தில் நீரியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழிகாட்டலாம். அந்த அளவு தெரிந்தால்தான் எந்த ஊருக்கு ஊற்றே போதும், எந்த ஊருக்கு அடுத்த சரிவிலிருந்து குழாய் வேண்டும், எந்த ஊருக்கு மட்டும் கீழிருந்து ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று பிரிக்க முடியும். சில ஊர்களுக்கு ஏற்றத்தான் வேண்டியிருக்கும், அதை மறுப்பதற்கில்லை. அந்த ஊர்களின் மின்கட்டணத்தை மாநில அரசு எத்தனை ஆண்டுக்கு ஏற்கும் என்பதும், ஏற்றுநீர் வந்த பின்னும் பழைய ஊற்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்புதல் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.